மண்ணெண்ணெய்க் காலத்து எஞ்சின் சோதனை

யாழ்ப்பாணத்தில் ஒரு காலம் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின என்றால் இன்றைய பிள்ளைகள் நம்பத் தயங்குகிறார்கள். 1990 யூனில் போர் மீண்டும் மூண்டதையடுத்துக் குடாநாட்டின் மீது பொருளாதாரத் தடை இறுகியது. பெற்றோல் அரிதாயிற்று. ஒஸ்ரின் ஏ 40, மொறிஸ் மைனர் போன்ற பழைய பிரித்தானியக் கார்களே அப்போது கைகொடுத்தன. அவற்றின் எஞ்சின்களில் அமுக்க விகிதம் குறைவாதலால் மண்ணெண்ணெயைச் சகித்துக்கொண்டன. கார்புரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டு இயக்கி, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள்.

எங்கள் ஊர் வேலணை. பெரியப்பா குறிகட்டுவானுக்கும் யாழ் நகருக்கும் இடையே வாடகைக் கார் ஓட்டியவர். நயினாதீவு, நெடுந்தீவுப் படகுகளில் வந்திறங்குவோரே அவரது வாடிக்கையாளர். 1990இல் தீவுப்பகுதி மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தபோது, அவரது ஏ 40 தற்செயலாக நகரத்துக் கராஜ் ஒன்றில் நின்றது. வீடும் வளவும் கடலுக்கப்பால் போய்விட, எஞ்சிய சொத்து அந்தக் கார் மட்டுமே.

எரியாத மண்ணெண்ணெய் பிஸ்ரன் வளையங்களைத் தாண்டிக் கசிந்து, எஞ்சின் எண்ணெயை நீர்க்கச் செய்யும். பேரிங்குகள் தேயும். 1993இல் எங்கள் எஞ்சினும் அவ்வாறே செயலிழந்தது. அவசரத்தில், சோதிக்காமல் வாங்கிப் பூட்டிய பழைய எஞ்சின் ஒன்று இரண்டாம் நாளே நீலப்புகை கக்கியது. பெரியம்மாவின் காப்பு விற்ற காசு அந்தப் புகையோடு போயிற்று.

அடுத்த எஞ்சினைப் பார்க்கப் போனபோது, பல்கலைக்கழகத்தில் கலைப்பீட மாணவனாயிருந்த என்னையும் அழைத்துச் சென்றார். அளவுகருவி எதுவும் கிடையாது. எஞ்சினை மரக்கட்டைகளில் நிறுத்தி, முதலில் எண்ணெய்க் கோலை எடுத்து மோந்தார். “எண்ணெய் கூடிக் கிடந்தா சந்தோசப்படாதை. மண்ணெண்ணெய் இறங்கியிருக்குமடா” என்றார். எண்ணெய் பால்நிறமாயிருந்தால் அதில் நீர் கலந்திருக்கிறது என்று பொருள். பின்னர் பிளக்குகளைப் பூட்டி, ஹாண்டிலால் மெல்லச் சுழற்றினார். நான்கு சிலிண்டர்களும் ஒரே அளவில் எதிர்க்கவேண்டும். ஒன்று இளகிற்று. அதற்குள் ஒரு கரண்டி எண்ணெய் விட்டு மீண்டும் சுழற்றினார். எதிர்ப்புக் கூடினால் வளையங்கள் தேய்ந்துள்ளன. கூடாவிட்டால் பெரும்பாலும் வால்விலோ காஸ்கெற்றிலோ கசிவு. எதிர்ப்புக் கூடவில்லை. அமுக்கத்தில் ஹாண்டிலை நிறுத்திக் காதுகொடுத்தார். கார்புரேற்றர் வாயில் சீறல் கேட்டால் உள்வாங்கும் வால்வு. புகைவாயிற் கேட்டால் வெளியேற்றும் வால்வு. சீறல் புகைவாயிலிருந்து வந்தது. வால்வை அரைத்துச் சீராக்கலாம் என்று விலை குறைத்து வாங்கினார். அன்றே பூட்டவில்லை. அரைத்து, மறுபடி சோதித்த பின்னரே காரில் ஏற்றினார்.

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமம் முழுவதும் தென்மராட்சியை நோக்கி நகர்ந்தது. இலட்சக்கணக்கானோர் நெருங்கிய வீதியில் எங்கள் கார் நடைவேகத்திற்கும் குறைவாக ஊர்ந்தது. உள்ளே படுத்த படுக்கையான அப்பாச்சி. போத்தலில் எஞ்சியிருந்த பெற்றோல் ஒருமுறை இயக்கவே போதும். எஞ்சின் நின்றால் மறுபடி இயக்க வழியில்லை. பெரியப்பா இரவு முழுவதும் அதை நிறுத்தவில்லை. நான் றேடியேற்றருக்குத் தண்ணீர் தேடி ஓடினேன். விடிந்தபோது நாவற்குழியைக் கடந்திருந்தோம்.

பெரியப்பா இப்போது இல்லை. இன்று யாழ்ப்பாணத்துக் கராஜ்களில் அமுக்கத்தை அளக்கும் மீற்றர்கள் உண்டு. ஆயினும் பழைய எஞ்சின் வாங்குவதாக யாரேனும் சொன்னால், பூட்டுவதற்கு முன் ஹாண்டிலைப் பிடித்துப் பாருங்கள் என்றே இன்றும் சொல்கிறேன். காப்புக்காசின் புகையையும் அந்த இரவையும் நான் மறக்கவில்லை.