துண்டோடு ஒரு அஞ்சலி: டக்ளஸ் ஆடம்ஸும் அவருடைய வாசகர்களும்

2001 மே 11, வெள்ளிக்கிழமை. அமெரிக்காவில் கலிஃபோர்னியா மாநிலம், சாண்டா பார்பரா பக்கம் ஓர் உடற்பயிற்சிக் கூடம். பயிற்சி முடித்து ஓய்வெடுத்துக் கொண்டிருந்த, ஆறடி ஐந்தங்குல உயரமுள்ள ஓர் ஆங்கிலேயர் மாரடைப்பில் சரிந்தார். மறுபடி எழுந்திருக்கவில்லை. வயது 49தான். வீட்டில் மனைவி, ஆறு வயதில் ஒரு மகள். அவர் பெயர் டக்ளஸ் ஆடம்ஸ். அறிவியல் புனைகதை எழுத்தாளர்.

சரியாக இரண்டு வாரம் கழித்து, மே 25ஆம் தேதி, ஒரு விநோதம் நடந்தது. அவருடைய வாசகர்கள் குளியல் துண்டோடு வெளியே கிளம்பினார்கள். குளிக்க அல்ல, துக்கம் அனுஷ்டிக்க! விஷயம் தெரியாதவர்களுக்கு இது சுத்தப் பைத்தியக்காரத்தனமாகத்தான் தோன்றியிருக்கும். ஓர் எழுத்தாளர் இறந்தால் மலர்வளையம் வைப்பார்கள், மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள், கூட்டம் போட்டுப் பேசுவார்கள். துண்டு எதற்கு?

அதைப் புரிந்துகொள்ள 1978க்குப் போக வேண்டும்.

அந்த வருடம் மார்ச் 8ஆம் தேதி இரவு, பிபிசி ரேடியோ 4ல் 'தி ஹிட்ச்ஹைக்கர்ஸ் கைட் டு த கேலக்ஸி' என்ற தொடர் நாடகம் சத்தமில்லாமல் ஆரம்பித்தது. வழியில் போகிற வண்டியைக் கை காட்டி நிறுத்தி, ஓசியில் லிஃப்ட் கேட்டு ஊர் சுற்றுகிறவர்களுக்கு ஒரு பயண வழிகாட்டி நூல் இருந்தால் எப்படி இருக்கும்? அதே நூல் ஓர் ஊருக்கு இல்லாமல் மொத்த பால்வெளி மண்டலத்துக்கும் இருந்தால்? இதுதான் ஐடியா. 1971ல், பத்தொன்பது வயதில், ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரக் நகரத்துக்கு அருகே ஒரு வயல்வெளியில் போதையில் மல்லாந்து படுத்து நட்சத்திரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது தோன்றியது என்று ஆடம்ஸே சொல்லியிருக்கிறார்.

கதை ரொம்ப எளிமை. ஆர்தர் டென்ட் என்ற சாதாரண ஆளின் வீட்டை, புறவழிச்சாலை போடுவதற்காக இடிக்க வருகிறார்கள். அவன் புல்டோசர் முன்னால் படுத்து மறியல் செய்கிறான். அதே நாளில் விண்வெளியில் ஒரு புறவழிச்சாலைக்காகப் பூமியையே இடிக்க வேற்றுக்கிரக அதிகாரிகள் வந்து நிற்கிறார்கள். ஆர்தர் நண்பன் ஒருவனால் தப்பிக்கிறான். அந்த நண்பனே வேற்றுக்கிரகவாசி! அரசாங்க அலுவலகத்தில் ஒரு கையெழுத்துக்கு நாயாய் அலைந்த எவருக்கும் இந்தப் பிரபஞ்சம் உடனே பிடிபட்டுவிடும்.

1979 அக்டோபரில் இது நாவலாக வந்து சக்கைப் போடு போட்டது. அடுத்தடுத்து நான்கு நாவல்கள். மொத்தம் ஐந்து பாகங்கள் வந்த பிறகும் அதை 'முத்தொகுதி' என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதுவும் ஜோக்தான்.

இந்தக் கதைகளில் வரும் இரண்டு விஷயங்கள் வாசகர்களுக்குள் ரகசியச் சின்னங்கள் மாதிரி ஆகிவிட்டன. ஒன்று, 42 என்ற எண். வாழ்க்கை, பிரபஞ்சம் எல்லாவற்றுக்கும் விடை என்ன என்று கேட்கப்பட்ட ஒரு மகா கம்ப்யூட்டர், எழுபத்தைந்து லட்சம் வருடம் யோசித்துவிட்டுச் சொல்லும் பதில் அது. விடை கிடைத்துவிட்டது, ஆனால் கேள்வி என்ன என்றுதான் யாருக்கும் தெரியாது! இன்னொன்று துண்டு. விண்வெளிப் பயணிக்குத் துண்டை விட உபயோகமான பொருள் வேறு கிடையாது என்று அந்த வழிகாட்டி நூல் அடித்துச் சொல்லும். போர்த்திக்கொள்ளலாம், விரித்துப் படுக்கலாம், ஆபத்தில் ஆயுதமாகச் சுழற்றலாம். இத்தனை அலைச்சலிலும் ஒருவன் தன் துண்டைத் தொலைக்காமல் வைத்திருக்கிறான் என்றால் அவன் விஷயமுள்ள ஆள்.

இப்படிப் பக்கத்துக்குப் பக்கம் சிரிக்க வைத்த மனுஷன் பொசுக்கென்று போய்விட்டால் வாசகன் என்னதான் செய்வான்? கண்ணீர் மல்கும் இரங்கற்பா எழுதினால், ஆடம்ஸே அதைப் படித்து நக்கலடிப்பார் என்று தோன்றும். எழுதாமல் இருக்கவும் முடியாது. எத்தனையோ பேர் இந்த இடத்தில் அவரிடமே கடன் வாங்கினார்கள். 1984ல் வந்த நான்காவது நாவலின் தலைப்பு 'ஸோ லாங், அண்ட் தேங்க்ஸ் ஃபார் ஆல் த ஃபிஷ்'. பூமி அழியப்போவது முன்கூட்டியே தெரிந்த டால்ஃபின்கள், இத்தனை நாள் மீன் போட்டதற்கு மனிதர்களிடம் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பும் விடைபெறல் அது. வாசகர்கள் அந்த வரியையே அவரை வழியனுப்பும் வார்த்தையாக்கினார்கள். தன் சாவுக்குச் சொல்ல வேண்டிய வாசகத்தைப் பதினேழு வருடம் முன்பே எழுதி வைத்துவிட்டுப் போனவர் போல ஆகிவிட்டது.

துக்கத்துக்கு இன்னொரு காரணமும் இருந்தது. ஆடம்ஸ் மகா சோம்பேறி என்று பெயர் வாங்கியவர். கெடு தேதி என்றாலே அவருக்கு ஆகாது. இதே நான்காவது நாவலை எழுதி வாங்க, பதிப்பாளர் சன்னி மேத்தா அவரை ஓட்டல் அறையில் உட்கார வைத்துக் கூடவே தங்கிக் காவல் காக்க வேண்டியிருந்தது. (ஆமாம், டெல்லியில் பிறந்த அதே சன்னி மேத்தாதான்.) ஐந்தாவது நாவல் 1992ல் வந்தது. அதன் முடிவு கும்மிருட்டு. அது ரொம்ப சோகமாகிவிட்டது, ஆறாவது எழுதி நல்லபடியாக முடிக்க ஆசை என்று ஆடம்ஸே பிறகு சொன்னார். ஒன்பது வருடம் வாசகர்கள் காத்திருந்தார்கள். மே 11ஆம் தேதி இறந்தது ஆடம்ஸ் மட்டுமல்ல, அந்த ஆறாவது புத்தகமும்தான்.

இந்த நிலைமையில்தான், இறந்து மூன்று நாள் கழித்து, ஒரு வாசகர் ஒரு யோசனை சொன்னார். மே 25 அன்று எல்லோரும் ஒரு துண்டை எடுத்துக்கொண்டு போவோம், அவ்வளவுதான். இன்றும் 'துண்டு தினம்' தொடர்வதற்கு இந்த எளிமைதான் காரணம். காசு கொடுத்து எதுவும் வாங்க வேண்டாம். தலைவர், செயலாளர் வேண்டாம். பேசத் தெரிந்திருக்க வேண்டாம். வீட்டில் கொடியில் கிடக்கும் ஒரு துண்டு போதும். தெருவில் எதிரே வருகிறவர் தோளிலும் ஒரு துண்டு கிடந்தால், இவரும் இழந்தவர் என்று அர்த்தம். தனித்தனியாக அறையில் உட்கார்ந்து படித்தவர்கள் ஒருவரை ஒருவர் அடையாளம் காண அது ஒரு வழி.

தேதிக்குக் கதையில் எந்த விசேஷமும் கிடையாது. 42ஆம் நாள் என்று வைத்திருந்தால் ஜூன் 22 வரும், எத்தனை பொருத்தம்! ஆனால் துக்கம் அத்தனை நாள் பொறுக்காது.

ஆடம்ஸ் தீவிர நாத்திகர் என்பதையும் சொல்ல வேண்டும். பரிணாம உயிரியலாளர் ரிச்சர்ட் டாக்கின்ஸ் அவருடைய நெருங்கிய நண்பர். செய்தி கேட்டதும் டாக்கின்ஸ் எழுதிய புலம்பல் மே 14 அன்று 'தி கார்டியன்' நாளிதழில் வந்தது. தர்க்கத்தைத் தவிர வேறெதையும் நம்பாத மனிதர் அதில் தவித்துப்போயிருந்தார். 2006ல் தன் 'தி காட் டெல்யூஷன்' நூலை ஆடம்ஸின் நினைவுக்கே சமர்ப்பித்தார். ஆனால் லண்டனில் நினைவுக் கூட்டம் நடந்தது எங்கே தெரியுமா? டிரஃபால்கர் சதுக்கத்தில் உள்ள செயின்ட் மார்ட்டின் தேவாலயத்தில்! 2001 செப்டம்பர் 17. நியூயார்க் இரட்டைக் கோபுரங்கள் விழுந்து ஆறே நாள். டாக்கின்ஸ் பேசினார். பிங்க் ஃபிளாய்டின் டேவிட் கில்மோர் கிடார் வாசித்துப் பாடினார். வர முடியாத வாசகர்களுக்காக பிபிசி அதை இணையத்தில் நேரடியாக ஒளிபரப்பியது. நாத்திகருக்குத் தேவாலயத்தில் அஞ்சலி என்ற முரண்பாடு அவர் கதையிலேயே வந்திருக்கக்கூடிய காட்சி.

வானத்திலும் அஞ்சலி நடந்தது. அவர் இறந்த அதே வாரத்தில்தான் ஒரு குறுங்கோளுக்கு 'ஆர்தர்டென்ட்' என்ற பெயர் அறிவிக்கப்பட்டிருந்தது. 2005ல் இன்னொரு குறுங்கோளுக்கு அவர் பெயரே சூட்டப்பட்டது. அதன் தற்காலிகப் பதிவு எண் 2001 டிஏ42. அவர் இறந்த வருடம், அவருடைய ஆங்கில முதலெழுத்துகள், கூடவே 42! இத்தனைக்கும் அது வரிசைப்படி தானாக விழுந்த எண், அதுவும் அவர் உயிரோடு இருந்த பிப்ரவரி மாதத்திலேயே.

விட்டுப்போன எழுத்துகளை என்ன செய்வது? அவருடைய கம்ப்யூட்டரில் கிடந்த கட்டுரைகளையும் முடிக்காத நாவல் ஒன்றின் பகுதிகளையும் சேர்த்து 2002 மே மாதம் 'தி சால்மன் ஆஃப் டவுட்' வெளியானது. அந்த ஆறாவது புத்தகமும் வந்தது, ஆனால் ஆடம்ஸ் எழுதியதல்ல. அவர் மனைவியின் சம்மதத்தோடு அயர்லாந்து எழுத்தாளர் இயோன் கோல்ஃபர் எழுதி 2009 அக்டோபரில் வெளிவந்தது. சில வாசகர்கள் ஆறுதல் அடைந்தார்கள். சிலர் அதைத் தொடவே மறுத்தார்கள். காலி நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்தால் எப்படி இருக்கும், அப்படி.

லண்டனின் ஹைகேட் இடுகாட்டில், கார்ல் மார்க்ஸ் கல்லறை இருக்கும் அதே கிழக்குப் பகுதியில், ஆடம்ஸின் அஸ்தி இருக்கிறது. சின்னக் கல். அதில் பெயர், எழுத்தாளர் என்ற ஒரு சொல், இரண்டு வருடங்கள். வாசகர்கள் அங்கே பூ வைப்பதை விட அதிகமாகப் பேனா வைக்கிறார்கள். அதற்கென்றே ஒரு தொட்டி உண்டு, எப்போதும் பேனாக்கள் நிரம்பி நிற்கும். எழுதுவதற்கு அத்தனை சோம்பல்பட்ட மனிதருக்குப் பேனா! 'எழுதுய்யா' என்று இப்போதும் கெஞ்சுகிறார்கள் போலிருக்கிறது.

எல்லாம் சரி, இதெல்லாம் வெறும் விளையாட்டா? துண்டு போட்டுக்கொண்டு சிரித்துவிட்டுப் போவதால் யாருக்கு என்ன லாபம்?

இந்தக் கேள்விக்குப் பதில் காண்டாமிருகத்திடம் இருக்கிறது. ஆடம்ஸ் தனக்கு மிகவும் பிடித்த தன் புத்தகம் என்று சொன்னது ஹிட்ச்ஹைக்கரை அல்ல. விலங்கியலாளர் மார்க் கார்வார்டைனோடு உலகம் சுற்றி, அழிந்துகொண்டிருக்கும் உயிரினங்களைத் தேடி எழுதிய 'லாஸ்ட் சான்ஸ் டு ஸீ' (1990). 'சேவ் த ரைனோ' அமைப்பின் ஆரம்பகாலப் புரவலர்களில் ஒருவர் அவர். 1994ல் காண்டாமிருக வேஷம் போட்டுக்கொண்டு கிளிமஞ்சாரோவுக்கு நடந்து நிதி திரட்டிய குழுவிலும் இருந்தார். 2003 முதல் அவர் நினைவாக நடத்தப்பட்ட சொற்பொழிவுகளின் டிக்கெட் பணம் இந்தப் பணிக்குப் போனது.

அவர் தேடிப்போன உயிரினங்களின் கதி என்ன? சீனாவின் யாங்சி நதி டால்ஃபினை 2006ல் ஆறு வாரம் தேடியும் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. வடக்கு வெள்ளைக் காண்டாமிருகத்தின் கடைசி ஆண் 2018 மார்ச்சில் இறந்தபோது மிஞ்சியவை இரண்டே இரண்டு பெண்கள். ஆனால் நியூசிலாந்தின் பறக்கத் தெரியாத காகாபோ கிளி 1995ல் 51ஆக இருந்து, 2022ல் 252 ஆனது. பூமி அழிவதை ஜோக்காக எழுதியவர், அது நிஜமாகவே கொஞ்சம் கொஞ்சமாக அழிவதைப் பார்த்துப் பதறியிருக்கிறார். டால்ஃபின்கள் விடைபெறும் அந்த வரியை யாங்சிக்குப் பிறகு படித்தால் சிரிப்பு பாதியில் நின்றுவிடுகிறது.

2015 மே 25 அன்று இத்தாலிய விண்வெளி வீராங்கனை சமந்தா கிறிஸ்டோஃபொரெட்டி, சர்வதேச விண்வெளி நிலையத்தில் துண்டோடு மிதந்தபடி ஹிட்ச்ஹைக்கர் நாவலிலிருந்து வாசித்துக் காட்டினார். துண்டு கடைசியில் விண்வெளிக்கே போய்விட்டது.

இன்று துண்டு தினம் கொண்டாடுகிறவர்களில் பலர் 2001க்குப் பிறகு பிறந்தவர்கள். அவர்கள் யாரையும் இழக்கவில்லை. அவர்களைப் பொறுத்தவரை ஆடம்ஸ் எப்போதுமே இறந்துபோன எழுத்தாளர்தான். ஆனாலும் புத்தகத்தை எடுத்துச் சிரிக்கிறார்கள், முடிந்ததும் அடுத்தது எங்கே என்று தேடுகிறார்கள், இல்லை என்று தெரிந்ததும் கொஞ்சம் வாடுகிறார்கள். அந்த வாட்டம்தான் 2001ல் முதல் துண்டை எடுத்தவர்களுக்கும் இருந்தது.

அடுத்த மே 25ல் யாராவது காரணமே இல்லாமல் தோளில் துண்டோடு எதிரே வந்தால், குளிக்கப் போகிறாரா என்று கேட்டுவிடாதீர்கள்.