சிரசின் ஆணையும் சக்கர நாற்காலியும்

கனடாவின் தேசிய ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த ஜார்ஜ் கிளைன் என்னும் யந்திர நிபுணர், இரண்டாம் உலக யுத்தத்தில் தண்டுவடம் சேதமுற்றுக் கைகால்களின் சுவாதீனத்தை இழந்து திரும்பிய போர்வீரர்களுக்காக மின்சாரச் சக்கர நாற்காலியை வகுத்தபோது, இடச்சக்கரத்திற்கும் வலச்சக்கரத்திற்கும் தனித்தனி இயக்கம் அமைத்து, சிறு பிடி ஒன்றைச் சாய்த்த திசையில் வண்டி செல்லும்படி செய்தார். அப்பிடியைச் சாய்க்கக் கையில் சிறிதேனும் அசைவு எஞ்சியிருத்தல் வேண்டும். கழுத்துப் பகுதியின் நான்காம் மட்டத்தில் தண்டுவடம் முற்றும் பழுதானவருக்கோ அதுவும் இல்லை. எனினும், கழுத்துத் தசைகளுக்குப் பதினோராம் கபால நரம்பும் மேற்கழுத்து நரம்புகளும் ஆதாரமாக நிற்பதால், சிரசு பெரும்பாலும் அவருடைய இச்சைக்கு உட்பட்டே இருக்கிறது. அந்தச் சிரசையே கையாகக் கொண்டு வண்டியைச் செலுத்தும் முறைகளுள் இரண்டினை இங்கே ஒப்புநோக்குகிறேன்.

முதல் முறையில், தலைப்பட்டியிற் பொருத்திய உணரி, புவியீர்ப்பின் திசையைக் கொண்டு தலையின் சாய்வை அளந்து, குனிந்தால் முன்னேயும் சாய்ந்தால் பக்கவாட்டிலும் வண்டியை நடத்துகிறது. இயற்கையோடு பொருந்தியது என்று இதனைப் பாராட்டுவோர் உண்டு. ஆயின் சரிவான பாதையில், சாய்ந்தது தலையா தரையா என்பதை அவ்வுணரி தனித்து அறியமாட்டாது. நாற்காலியில் மற்றோர் உணரியை வைத்து, ஒன்றன் அளவிலிருந்து மற்றொன்றைக் கழித்தே உண்மையைக் காண வேண்டும். மேடுபள்ளத்தில் வண்டி குலுங்க, அதனால் தலை ஆட, அவ்வாட்டத்தையே ஆணையாகக் கொண்டு வண்டி மேலும் குலுங்கும் விபரீதமும் நேரலாம். அதனை அடக்கச் சிற்றசைவுகளை வடிகட்டினாலோ தாமதம் பிறக்கிறது. மணிக்கு 6 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி 0.3 வினாடிக்குள் அரை மீட்டர் கடந்துவிடும். படிக்கட்டின் விளிம்பில் அரை மீட்டர் அற்பமன்று.

இவை கணிதத்தால் பெரிதும் தணிக்கத்தக்க குறைகள். என்னை அச்சுறுத்துவது வேறொன்று. கழுத்துத் தண்டுவடம் சேதமுற்றவர்களிடம் இரத்தக் குழாய்களைச் சுருக்கும் நரம்புகளின் ஆட்சி தளர்ந்துவிடுவதால், நிமிர்ந்து அமரும்போது இரத்த அழுத்தம் தாழ்ந்து மயக்கம் உண்டாவது வைத்தியர்கள் நன்கறிந்த விஷயம். நிமிர்ந்திருந்து மயங்கியவரின் தலை முன்னே கவிழக்கூடும். முன்குனிவே ‘செல்’ என்னும் கட்டளையாயின், பிரக்ஞை நழுவிய அந்தக் க்ஷணத்திலேதான் வண்டி வேகங்கொள்ளும்! இயற்கையாகத் தோன்றும் முறையே அபாயமான முறையும் ஆவது இவ்விடத்தில்தான்.

இரண்டாவது முறையில், தலைக்குப் பின்னும் இருமருங்கும் அமைந்த தாங்கிகளுக்குள், தலையின் அண்மையை அறியும் உணரிகள் பதிக்கப்பட்டுள்ளன. பின்தாங்கியைத் தலை அணுகினால் வண்டி முன்னே செல்லும், விலகினால் நிற்கும். முன்செல்லத் தலையைப் பின்னே கொண்டுபோவது முதலில் முரணாகப் படும். ஆனால் கவிழ்ந்த தலை தாங்கியை விட்டு நீங்குவதால், இச்சை ஓய்ந்தவுடன் இயக்கமும் ஓய்கிறது. இந்தக் குணம் ஒன்றிற்காகவே, ஏனைய வசதிக் குறைவுகளைப் பொறுத்தும், இம்முறையை நான் மேலானதாகக் கொள்கிறேன். நாற்காலியின் முதுகு பின்னே சாய்ந்திருக்கையில் மயங்கிய தலை தாங்கியின் மீதே வீழும் என்ற ஆட்சேபம் நியாயமானது. ஆகவே, குறித்த கோணத்திற்குமேல் சாய்ந்தால் ஓட்டம் தானே தடைப்படும் பூட்டு இம்முறைக்கு இன்றியமையாதது.

இரண்டு முறைகளுக்கும் பொதுவான கஷ்டம் ஒன்று உண்டு. தலை ஏற்கெனவே பல காரியங்களுக்கு உரியது: அழைத்தவரைத் திரும்பிப் பார்க்கிறது, தும்முகிறது, நம்மவரிடையே பக்கவாட்டில் அசைந்து சம்மதம் தெரிவிக்கிறது. அதனை வண்டிக்கு முற்றும் ஒப்படைத்தவர் பேச்சிற் பாதியை இழந்தவர் ஆவார். ஆகையால் ஓட்டத்தைத் துண்டித்துத் தலையை விடுவிக்கும் விசையும் தேவை. அவ்விசை உதவியாளரின் கைக்கு எட்டும் இடத்தில் மட்டும் இருந்தால், தலையை விடுவிக்கவும் அவர் பிறரை அழைக்க வேண்டிவரும். பக்கத் தாங்கியின் ஓரத்தில், கன்னத்தால் அழுத்தும் உயரத்தில், அதனை வைக்க இடமிருக்கிறது.