விரித்த கையில் வாங்கிய ஓலை

சங்கத் தேர்தலில் இருவருக்குச் சமமாக ஓட்டு விழுந்தால் என்ன செய்வது? சீட்டுக் குலுக்கலாம் என்றால், "இது என்ன சூதாட்டமா?" என்று சிலர் முகம் சுளிப்பார்கள். அவர்கள் ஒருமுறை உத்திரமேரூர் போய் வரலாம்.

முதலாம் பராந்தக சோழன் காலத்து (கி.பி. 919, 921) குடவோலைக் கல்வெட்டுகள் அங்கே இருக்கின்றன. ஊரை 30 குடும்புகளாகப் பிரித்து, தகுதியுள்ளோர் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டார்கள். கணக்குக் காட்டாதவர் பெயருக்குக் குடத்தில் இடமில்லை. விவரமறியாத சிறுவன்தான் ஓலையை எடுப்பான். மத்தியஸ்தர் அதை ஐந்து விரலும் விரித்த உள்ளங்கையில் வாங்கி உரக்கப் படிக்க வேண்டும். கூடியிருந்த நம்பிமாரும் அதையே படிக்க வேண்டும்.

சொத்தும் கல்வியும் உள்ளவர்க்கே அந்த உரிமை என்பது உண்மை. சம ஓட்டைத் தீர்க்க வந்த முறையும் அன்று அது. ஆனால் குலுக்கலை எப்படிச் சந்தேகமறச் செய்வது என்பதை அது கற்றுத்தருகிறது.

இன்றைய சட்டமும் குலுக்கலை ஏற்கிறது. 1951-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 65-ஆம் பிரிவின்படி, ஓட்டு சமமானால் தேர்தல் அதிகாரி குலுக்கிப் பார்ப்பார். சீட்டு விழுந்தவருக்கு ஒரு ஓட்டு கூடியதாகக் கணக்கு. 2017 மும்பை மாநகராட்சித் தேர்தலில் ஒரு வார்டு இப்படித்தான் முடிவானது.

தலைவரின் கூடுதல் ஓட்டால் தோற்றவருக்கு மனத்தாங்கல் நீடிக்கும். சீட்டின் மேல் யாருக்கும் கோபம் வராது. ஆகவே நம் துணைவிதியில் எழுதிவைப்போம்: முதலில் மறு எண்ணிக்கை, பிறகும் சமமானால் பொதுக்குழு முன்னிலையில் குலுக்கல். வேட்புமனு வருவதற்கு முன்பே எழுதிவிட வேண்டும். தேர்தல் முடிந்த மறுநாளும் இருவரும் ஒரே லிஃப்டில்தானே போக வேண்டும்!