மங்காத்தா முதல் கேசினோ வரை: சீட்டாட்டத்தில் உண்மையில் ஜெயிப்பது யார்? கணக்கும் சட்டமும் - முழு விளக்கம்

"பணம் வைத்து சூதாடிய கும்பல் கைது, சீட்டுக்கட்டு, ரொக்கம் பறிமுதல்." மாவட்டச் செய்திகளில் அடிக்கடி கண்ணில் படும் வரி இது.

கும்மிடிப்பூண்டி, தேர்வாய் கண்டிகை சிப்காட், காக்களூர் போன்ற திருவள்ளூர் மாவட்டத் தொழிற்பகுதிகளில் பல மாநில ஆட்கள் ஷிப்ட் முறையில் வேலை பார்க்கிறார்கள். சீட்டுக்கட்டு மட்டும் இருந்தால் போதும், அவர்களுக்குள் மொழிகூட தடையில்லை. நம்ம ஊர்க்காரர் 'மங்காத்தா', 'உள்ளே வெளியே' என்று சொல்வதை பீகார்காரர் 'அந்தர் பாஹர்' என்பார். இவருக்கு மூணு சீட்டு, அவருக்கு 'தீன் பத்தி'. கோவாவில் மாண்டோவி ஆற்றில் நிற்கும் கேசினோ கப்பல்களிலும் இதே ஆட்டங்கள் உண்டு. அங்கே கோட்டு போட்ட டீலர் இருப்பார், அவ்வளவுதான் வித்தியாசம்.

மங்காத்தா 50-50 தானே?

பார்க்க அப்படித்தான் தெரியும். ஒரு சீட்டைத் திருப்பி நடுவில் வைப்பார்கள். பிறகு உள்ளே, வெளியே என மாறி மாறி ஒவ்வொரு சீட்டாக விழும். நடுவில் இருக்கும் அதே எண் எந்தப் பக்கம் முதலில் விழுகிறதோ, அந்தப் பக்கம் கட்டியவருக்கு ஜெயம்.

மிச்சம் இருப்பது 51 சீட்டு. அதில் அதே எண் 3 சீட்டு. முதல் சீட்டு எந்தப் பக்கம் விழுகிறதோ, அந்தப் பக்கத்துக்கு எப்போதும் ஒரு வாய்ப்பு கூடுதல். கணக்குப் போட்டால் முதல் பக்கத்துக்கு 51.5 சதவீதம், மறுபக்கத்துக்கு 48.5 சதவீதம்.

கேசினோவுக்கு இது தெரியாமலா இருக்கும்? வழக்கமாக முதல் பக்கம் ஜெயித்தால் 100 ரூபாய்க்கு 90 ரூபாய்தான் தருவார்கள். மறுபக்கத்துக்கு முழுசாக 100. நூறு ரூபாய் கட்டினால் முதல் பக்கத்தில் சராசரியாக 2 ரூபாய் 15 காசு போகும், மறுபக்கத்தில் 3 ரூபாய் போகும். எந்தப் பக்கம் கட்டினாலும் லாபம் மேசைக்குத்தான்.

அறையில் ஆடினால் கேசினோ இல்லையே?

கேசினோ இல்லை. ஆனால் இடம் கொடுத்தவர் இருக்கிறார். ஒவ்வொரு ஆட்டத்திலும் அவருக்கு கமிஷன் போகும். உதாரணத்துக்கு, 6 பேர் ஆளுக்கு 2,000 ரூபாயோடு உட்காருகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 12,000. ஆட்டத்துக்கு ஆளுக்கு 100 ரூபாய், நடுவில் 600. அதில் 5 சதவீதம் கமிஷன் என்றால் 30 ரூபாய். முப்பது ரூபாய்தானே என்று தோன்றும். மணிக்கு 20 ஆட்டம் ஓடினால் 600 ரூபாய். ஐந்து மணி நேரத்தில் 3,000. அதாவது யார் ஜெயித்தார், யார் தோற்றார் என்ற பேச்சே இல்லாமல் மேசையில் இருந்த பணத்தில் கால்வாசி எழுந்து போய்விட்டது. மீதி முக்கால்வாசிக்குத்தான் ஆறு பேரும் மோதிக்கொள்கிறார்கள். ஒரு சீட்டுகூட தொடாதவருக்கு மட்டும்தான் அன்றைக்கு உறுதியான வருமானம்.

'டபுள் கட்டினா விட்டதைப் பிடிச்சிடலாம்'

எல்லா மேசையிலும் இதைச் சொல்ல ஒருவர் இருப்பார். 100 போனால் 200, அதுவும் போனால் 400. தொடர்ந்து 7 முறை தோற்றால் போன பணம் 12,700. எட்டாவது ஆட்டத்துக்கு 12,800 வேண்டும், அதுவும் ஜெயித்தால் கையில் நிற்கும் லாபம் வெறும் 100 ரூபாய். ஏழு முறை வரிசையாகத் தோற்பது அபூர்வம் என்று நினைக்க வேண்டாம். சரிபாதி வாய்ப்புள்ள ஆட்டத்தை 100 முறை ஆடினால், அப்படி ஒரு வரிசை வர கிட்டத்தட்ட மூன்றில் ஒரு வாய்ப்பு இருக்கிறது.

'இதுவரைக்கும் உள்ளேயே விழுந்துச்சு, இனி வெளியேதான்' என்பதும் அதே ரகம். கலைத்துப் போட்ட கட்டுக்கு முந்தைய ஆட்டம் ஞாபகம் இருக்காது.

மூணு சீட்டில் என்ன வரும்?

52 சீட்டில் மூன்றை எடுக்க 22,100 வழிகள். மூன்றும் ஒரே எண்ணாக வருவது அதில் 52 மட்டுமே. ஒரே ஜாதியில் வரிசையாக வருவது 48. ஜோடி வர சுமார் 17 சதவீதம். ஏறக்குறைய 74 சதவீதம் நேரம் கையில் எதுவுமே சேராது. அப்புறம் ஆட்டம் நடப்பது சீட்டில் இல்லை, பக்கத்தில் இருப்பவரை மிரட்டுவதில்தான்.

கேசினோ மேசையில் எப்படி நடந்துகொள்ள வேண்டும்?

ஊரில் ஆடிப் பழகியவர்கள் கோவா போய்த் திட்டு வாங்குவது இங்கேதான். அங்கே 21 வயது ஆகியிருக்க வேண்டும். பணத்தை டீலர் கையில் கொடுக்கக் கூடாது, மேசையில் வைக்க வேண்டும். அவர் கேமராவுக்குத் தெரியும்படி எண்ணிவிட்டுத்தான் சிப் தருவார். பந்தயம் முடிந்தது என்று சொன்ன பிறகு சிப்பைத் தொட்டால் ஏமாற்று வேலையாகத்தான் பார்ப்பார்கள். மேசையில் செல்போன், போட்டோ கூடாது. பிளாக்ஜாக்கில் வாயால் சொன்னால் போதாது, சீட்டு வேண்டுமென்றால் மேசையைத் தட்ட வேண்டும், வேண்டாமென்றால் கையை அசைக்க வேண்டும். பிறகு தகராறு வந்தால் கேமராதான் சாட்சி.

பாக்கராட்டில் 'டை' கட்டினால் எட்டு மடங்கு என்று ஆசை காட்டுவார்கள். அதில் 100 ரூபாய்க்கு சராசரியாக 14 ரூபாய்க்கு மேல் மேசைக்குப் போகும். இதற்கு மேல் கேசினோவுக்கான ஜிஎஸ்டி வேறு. 28 சதவீதமாக இருந்தது 2025 செப்டம்பர் 22 முதல் 40 சதவீதம். ஜெயித்தால் அதற்கு 30 சதவீத வருமான வரி. தோற்றதைக் கழிக்க முடியாது. சிங்கப்பூரில் சொந்தக் குடிமக்கள் கேசினோவுக்குள் நுழையவே ஒரு நாளைக்கு 150 டாலர் கட்ட வேண்டும், வெளிநாட்டவருக்குக் கட்டணம் இல்லை. தன் மக்கள் உள்ளே போவதை அந்த அரசு எப்படிப் பார்க்கிறது என்பது இதிலேயே தெரிகிறது.

அப்போ ரம்மி?

ரம்மி திறமை ஆட்டம் என்று 1968-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. சீட்டை ஞாபகம் வைப்பது, எதைப் பிடிப்பது, எதை இறக்குவது என்று யோசனை தேவைப்படுகிறது. அதே தீர்ப்பில் மூணு சீட்டு முழுக்க அதிர்ஷ்டம் என்றும் சொல்லப்பட்டது. ஆனால் பலர் படிக்காமல் விடும் பகுதி ஒன்று உண்டு: ஆட்டத்திலிருந்து இடத்தின் உரிமையாளரோ கிளப்போ லாபம் எடுத்தால், ரம்மியாக இருந்தாலும் குற்றமாகலாம். கிளப் நியாயமான கட்டணம் வாங்குவது மட்டும் அந்த லாபத்தில் சேராது.

ரம்மி மேசைக்கும் ஒழுங்கு உண்டு. ஸ்கூட் விட்டவர் தன் சீட்டைக் காட்டக் கூடாது, ஆட்டத்தில் இருப்பவருக்கு யோசனை சொல்லவும் கூடாது. முதலிலேயே விட்டால் 20, நடுவில் விட்டால் 40, தப்பாக ரம்மி அடித்தால் ஃபுல் கவுண்ட் 80. மோசமான கையோடு கௌரவத்துக்காக உட்கார்ந்திருப்பவர்தான் 80 கொடுத்து எழுந்து போவார்.

'வேடிக்கைதான் பார்த்தேன்' என்றால் விடுவார்களா?

சென்னை மாநகருக்கு வெளியே 1930-ம் ஆண்டு தமிழ்நாடு சூதாட்டச் சட்டம் பொருந்தும். சூதாட்ட இடத்தில் ஆட்டம் நடக்கும்போது இருந்தாலே, ஆட வந்தவர் என்றுதான் சட்டம் முதலில் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று காட்ட வேண்டியது பிடிபட்டவர் வேலை.

ஆன்லைனில் கதை வேறு. தமிழ்நாட்டின் 2022-ம் ஆண்டு சட்டப்படி ஆன்லைன் சூதாட்டம் ஆடுபவருக்கு 3 மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ரம்மி, போக்கரை அதில் சேர்த்த பகுதியை மட்டும் சென்னை உயர் நீதிமன்றம் 2023 நவம்பரில் ரத்து செய்தது. பிறகு 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களையே தடை செய்தது. அதில் தண்டனை நடத்துபவருக்கு, ஆடுபவருக்கு இல்லை.

தோற்ற பணத்தைக் கேட்டு மிரட்டினால்?

1872-ம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 30-வது பிரிவுப்படி பந்தய ஒப்பந்தம் செல்லாது. ஜெயித்தவர் அந்தப் பணத்தைக் கேட்டு நீதிமன்றம் போக முடியாது. ஆனால் ஆடுவதற்காக வேறொருவரிடம் வாங்கிய கைமாற்றோ, ஆப் கடனோ இதில் தப்பாது, அது கடன்தான். அந்தக் கடனுக்குக் கந்துவட்டி கேட்டால் 2003-ம் ஆண்டு தமிழ்நாடு சட்டப்படி போலீசில் புகார் கொடுக்கலாம். ஆட்டத்தை விட முடியவில்லை, கடன் கழுத்தை நெரிக்கிறது என்றால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் இலவசமாக, தமிழிலேயே பேசலாம்.

எல்லை தாண்டினால் தப்பிக்கலாமா?

ஆரம்பாக்கம் தாண்டி தடா, சூளூர்பேட்டை பக்கம் போய்விட்டால் தமிழ்நாட்டு போலீஸ் வராது என்று ஒரு நினைப்பு உண்டு. அங்கே ஆந்திராவின் 1974-ம் ஆண்டு சூதாட்டச் சட்டம் இருக்கிறது. ரம்மி பற்றிய அந்த 1968 தீர்ப்பே ஆந்திர அரசு நடத்திய வழக்கில் வந்ததுதான். செகந்திராபாத்தில் ஒரு கிளப்பில் நடந்த ரெய்டில் தொடங்கிய வழக்கு அது.