பட்டம் பார்த்து விதைக்கணும்!

நடுவர் அவர்களே! எதிரணியில வரிஞ்சு கட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கிற நண்பர்களே!

எதிரணித் தலைவர், "உழைச்சா போதும், கல்லூரிக் கதவு தானா திறக்கும்"னு சொல்லிட்டுப் போனார். ஐயா, ஆடிப் பட்டம் தேடி விதைன்னு பெரியவங்க ஏன் சொன்னாங்க? பட்டம் தப்பி விதைச்சவன் உழைக்கலையா? அவனும்தான் உழுதான், தண்ணி பாய்ச்சினான். விளைச்சல் எங்கே? (கைதட்டல்)

அமெரிக்கக் கதை ஒண்ணு சொல்றேன். அங்கே ஒரு காலத்துல கல்லூரிக்குக் கல்லூரி தனி நுழைவுத் தேர்வு. இதை ஒழுங்குபடுத்த 1900-ல் காலேஜ் போர்டு பிறந்தது. 1901 ஜூனில் முதல் பொதுத் தேர்வு. எழுதியவர்கள் 973 பேர். லத்தீன், கிரேக்கம், கணிதம், வரலாறு என்று பாடம் பாடமாகக் கட்டுரை விடைகள். 1926-ல் பொதுத் திறனை அளக்கும் சாட் வந்தது. 1937-ல் சரியான விடையைக் குறிக்கிற பாடத் தேர்வுகள் வந்தன. பேரு 'அச்சீவ்மென்ட் டெஸ்ட்'. அப்புறம் 'சாட் டூ'ன்னாங்க, 2005-ல் 'சாட் சப்ஜெக்ட் டெஸ்ட்'ன்னாங்க. பேரு மாறுச்சே தவிர பயம் மாறலை! (சிரிப்பு) ஒரு பாடத்துக்கு ஒரு மணி நேரம். 200-லிருந்து 800 வரை மதிப்பெண்.

இதுல சூட்சுமம் எங்கே இருக்கு தெரியுமா? நம்ம ஊர்ல பிளஸ் ஒன், பிளஸ் டூ ரெண்டு வருஷமும் வேதியியல் கூடவே வரும். அங்கே பெரும்பாலும் ஒரு வருஷம் வேதியியல், அடுத்த வருஷம் இயற்பியல். பாடம் முடிஞ்ச சூட்டோட, அந்த ஜூன்லயே தேர்வை எழுதிட வேண்டியிருந்துச்சு. சாட் எழுதுற அன்னிக்கே இதை எழுத முடியாம இருந்துச்சு. அதுக்கு வேற நாள் தேவைப்பட்டுச்சு.

எங்க அக்கா மகள் நியூஜெர்சியில படிச்சா. பத்தாம் வகுப்பு வேதியியல்ல நல்ல மார்க். அக்காவும் அத்தானும் நம்ம ஊர்ப் பள்ளியில படிச்சவங்க. இந்தக் கணக்கு அவங்களுக்குத் தெரியாது. 2009-ல் பன்னிரண்டாம் வகுப்புல விண்ணப்பத்தைப் பிரிச்சா, ரெண்டு பாடத் தேர்வு கேட்டிருக்கு! ராத்திரி ராத்திரியா முழிச்சு, மறந்ததை மறுபடி படிச்சு எழுதினா. மார்க் வரலை, ஆசைப்பட்ட கல்லூரியும் கிடைக்கலை. போன்ல, "மாமா, நான் உழைக்கலையா? எனக்கு நாள்தானே தெரியலை"ன்னு அழுதா.

அவளோட தோழிக்கு ஒன்பதாம் வகுப்புலயே எல்லாத் தேதியும் எழுதி அலமாரியில ஒட்டியிருந்தது. அவ அப்பா அங்கேயே கல்லூரி படிச்சவர். நடுவர் அவர்களே, வித்தியாசம் உழைப்பில இல்லை. ஒரு தாள்ல இருக்கு! (கைதட்டல்)

"அந்தத் தேர்வையே 2021 ஜனவரியில நிறுத்திட்டாங்களே, உங்க திட்டம் என்னாச்சு?"ன்னு எதிரணி கேட்கலாம். தேர்வு போச்சு, தேதி போகலையே! ஏ.பி. தேர்வு மே மாசம்னா, அந்தப் பாடத்தை அதுக்கு முந்தின வருஷமே தேர்ந்தெடுக்கணும். இன்னும் முன்னாடியே யோசிக்கணும்!

பெற்றோர்களே, "படி, படி"ன்னு சொல்றோம். எப்போ எதைன்னு சொல்றோமா? நமக்குத் தெரியலைன்னா தெரிஞ்சவங்களைக் கேட்போம். தெரிஞ்சவங்க, பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் சொல்லுங்க. ஏர் எல்லார்கிட்டயும் இருக்கு. பட்டம் தெரிஞ்சவனுக்குத்தான் விளைச்சல். எனவே வெற்றிக்கு முதல் தேவை திட்டமே, திட்டமே என்று கூறி அமர்கிறேன்.