வடிகாலின் மூடியும் நடப்பவரின் உரிமையும்

சென்னையின் குடியிருப்புத் தெருக்களில் நடைபாதை என்று நாம் அழைப்பது பெரும்பாலும் மழைநீர் வடிகாலின் மூடிதான். வடிகாலின் ஆழமும் நீரோட்டத்துக்கு வேண்டிய சரிவும் முதலில் முடிவாகின்றன. அதன்மேல் போடும் கான்கிரீட் பலகை எந்த உயரத்தில் வந்து நிற்கிறதோ, அதுவே நடைபாதையின் உயரமாகிவிடுகிறது. நடப்பவரின் கால் இந்தக் கணக்கில் கடைசியாகத்தான் வருகிறது. நடைபாதைச் சிக்கல் முழுவதையும் 'ஆக்கிரமிப்பு' என்ற ஒரே சொல்லில் அடக்கும் வழக்கம் இந்தப் பிறவிக் குறையைப் பார்வையிலிருந்து மறைக்கிறது என்பதே என் வாதம்.

இந்திய சாலைக் காங்கிரஸ் 2012-இல் வெளியிட்ட ஐ.ஆர்.சி. 103 வழிகாட்டி, நடைபாதையின் உயரம் 150 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது என்கிறது. குடியிருப்புப் பகுதியில் 1.8 மீட்டர் அகலம் தடையின்றி இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. எதிரெதிரே வரும் இரண்டு சக்கர நாற்காலிகள் ஒன்றையொன்று கடக்க அந்த அகலம் வேண்டும். இவற்றில் உயரமே தலையாயது என்று நான் கருதுகிறேன். சாய்தளம் 1:12 என்ற சரிவில் அமைய வேண்டுமானால் 150 மில்லிமீட்டர் ஏற 1.8 மீட்டர் நீளம் போதும். பலகை 300 மில்லிமீட்டர் உயர்ந்துவிட்டாலோ 3.6 மீட்டர் வேண்டும். குறுகிய தெருவில் அதற்கு இடமே கிடையாது.

வீட்டு வாயில்களில் இந்தச் சிக்கல் பெருகுகிறது. கார் உள்ளே போவதற்காக ஒவ்வொரு வாயிலிலும் நடைபாதை அறுபட்டுச் சாலை மட்டத்துக்கு இறங்குகிறது. மனையின் முகப்பு 12 மீட்டர் என்று கொண்டால், 300 மீட்டர் தெருவின் ஒரு பக்கத்தில் 25 வாயில்கள். முழங்கால் தேய்ந்த ஒரு மூதாட்டி காய்கறிப் பையுடன் 25 முறை இறங்கி 25 முறை ஏற வேண்டும். அவர் சாலையிலேயே நடந்துவிடுகிறார். "பிளாட்பாரம் இருந்தும் ரோட்டில்தான் நடக்கிறார்கள்" என்று அவரைக் குறை சொல்வது அநியாயம். 2022-இல் நாட்டில் சாலை விபத்துகளில் இறந்த 1,68,491 பேரில் 32,825 பேர் நடந்து சென்றவர்கள். வாயில்களில் நடைபாதை மட்டம் மாறாமல் ஓட வேண்டும். ஏறி இறங்க வேண்டியது வண்டிதான். உயரம் குறைவாக இருந்தால் இதற்குப் பெரிய செலவும் ஆகாது.

சாலை போடும் முறையும் இதில் சேர்ந்துகொள்கிறது. பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் புதிய அடுக்கைப் போட்டால் சாலை உயர்கிறது, வீடு தாழ்கிறது, அடுத்த வடிகால் இன்னும் உயரமாக எழும்புகிறது. இங்கே அமெரிக்காவின் பிலடெல்பியா வழக்கு நமக்குப் பயன்படும். சாலைக்குப் புதிய மேற்பரப்பு போடுவதே ஒரு 'மாற்றியமைப்பு'. ஆகவே 1990-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டப்படி அந்தத் தெருவில் சாய்தளங்களும் அமைத்தாக வேண்டும் என்று 1993-இல் கின்னி வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தனி நிதி, தனித் திட்டம் என்று காத்திருக்காமல், வழக்கமான பராமரிப்புப் பணியையே கடமையின் தொடக்கப் புள்ளியாக்கியது அந்தத் தீர்ப்பு. நமக்கும் சட்ட அடித்தளம் இருக்கிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் கீழ் வந்த அணுகல் தரங்களை வெறும் பரிந்துரையாக வைத்திருந்த விதியை, ராஜீவ் ரதூரி வழக்கில் 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. கோவை எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் தொடுத்த வழக்கில் 2025 மே மாதம், நடைபாதையைப் பயன்படுத்துவது அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவு தரும் உரிமையின் பகுதி என்றது.

சென்னை மாநகராட்சி 2014-லேயே மோட்டார் இல்லாப் போக்குவரத்துக் கொள்கையை ஏற்றது; போக்குவரத்து நிதியில் குறைந்தது 60 விழுக்காடு நடப்போருக்கும் மிதிவண்டிக்கும் என்று அதில் எழுதியது. 2019-இல் பாண்டி பஜாரில் திறக்கப்பட்ட நடைபாதை வளாகம், அகலமும் நிழலும் கிடைத்தால் மக்கள் விரும்பி நடப்பார்கள் என்பதைக் காட்டியது. ஆனால் ஒரு பெரிய கடைவீதி சீரானதால் பக்கத் தெருவில் குடியிருப்பவர் அங்கே நடந்து வந்துவிட முடியாது. எத்தனை கிலோமீட்டர் கட்டினோம் என்ற கணக்கே இங்கு தவறு. வீட்டு வாசலிலிருந்து பேருந்து நிறுத்தம் வரை தொடரும் வழியே அளவுகோலாக வேண்டும். நடுவில் ஒரே ஒரு மின்பெட்டி (பில்லர் பாக்ஸ்) வழியை அடைத்தாலும், சக்கர நாற்காலியில் வருபவருக்கு அந்தக் கிலோமீட்டரின் மதிப்பு சுழியம்.

பார்வையற்றோருக்கான தொடுஉணர் ஓடுகளிலும் இதே தவறு நடக்கிறது. ஜப்பானின் செய்இச்சி மியாகே உருவாக்கி 1967-இல் ஒகயாமா நகரில் முதன்முதலாகப் பதித்த இந்த ஓடுகளுக்கு ஒரு மொழி உண்டு. நீள்கோடு என்றால் 'நட', புள்ளி என்றால் 'நின்று கவனி'. நம் தெருக்களில் நீள்கோடு நேராக மின்கம்பத்தில் போய் முடிவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். பொய் சொல்லும் ஓடு, ஓடே இல்லாததைவிட ஆபத்தானது. பைக்குகளைத் தடுக்க நட்ட குறுந்தூண்களும் அப்படியே: இடைவெளி 900 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் சக்கர நாற்காலியும் வெளியே நின்றுவிடுகிறது.

தள்ளுவண்டிகளை அகற்றினால் போதும் என்பவர்களுக்கு ஒரு மறுமொழி. தெருவோர வியாபாரிகளுக்கு 2014-ஆம் ஆண்டின் சட்டம் பாதுகாப்புத் தருகிறது. பூக்காரம்மாவின் விளக்கு எரியும் மூலையில் இரவு எட்டு மணிக்குப் பெண்கள் தயங்காமல் நடக்கிறார்கள். மரமும் கம்பமும் நிற்கும் சாலையோரப் பட்டையில் வியாபாரிகளுக்கு இடம் ஒதுக்கி, நடுப்பட்டையை முழுவதும் நடப்பவருக்கு விடலாம். சாலை, மின்சாரம், குடிநீர் மூன்றின் வரைபடங்களும் ஒரே தாளில் வந்தால்தான் அந்த நடுப்பட்டை நிலைக்கும்.

ஒப்பந்ததாரரின் இறுதிப் பட்டியலுக்குப் பணம் வழங்கும் முன், அந்த வட்டாரத்தில் சக்கர நாற்காலியில் செல்லும் ஒருவரும் வெண்கோல் பிடித்து நடக்கும் ஒருவரும் தெருவின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை சென்று பார்க்கட்டும். எங்கேயாவது சாலையில் இறங்க நேர்ந்தால், அந்த இடம் சரியாகும்வரை பட்டியலில் கையெழுத்து விழக் கூடாது.