வாளி தூக்கிய கை துப்பாக்கி தூக்கியது



"பொட்டப் புள்ளைக்குப் பட்டாளத்துல என்னா வேலை?" என்று கேட்பவர் இன்றும் உண்டு. அந்தக் கேள்விக்கு நம் மலாயாத் தோட்டத்துப் பெண்கள் 1943-ஆம் ஆண்டிலேயே பதில் சொல்லிவிட்டார்கள். அந்த வரலாற்றைக் கொஞ்சம் கேளுங்கள்.

அது ஜப்பான்காரன் காலம். அரிசிக்குப் பஞ்சம், மரவள்ளிக்கிழங்கே சோறு. தோட்டத்து ஆண்களைச் சயாம் ரயில் பாதைக்குப் பிடித்துக்கொண்டு போன நேரம். அந்த ஆண்டு ஜூலை 2-ஆம் நாள் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூர் வந்து சேர்ந்தார். இந்திய தேசிய ராணுவத்தில் பெண்களுக்கென்று ஒரு படை வேண்டும் என்றார். ஜூலை 12-இல் நடந்த பெண்கள் கூட்டத்தில், துப்பாக்கி ஏந்திய பெண்களே அவருக்கு அணிவகுப்பு மரியாதை செய்தார்கள். வெள்ளையரை எதிர்த்துப் போரிட்டு 1858-இல் வீழ்ந்த ஜான்சி ராணியின் பெயர் அந்தப் படைக்குச் சூட்டப்பட்டது.

தலைமை ஏற்றவர், சென்னையில் பிறந்து சிங்கப்பூரில் மருத்துவம் பார்த்த டாக்டர் லட்சுமி சுவாமிநாதன். அக்டோபர் 21-இல் அமைந்த சுதந்திர இந்தியத் தற்காலிக அரசில் அவர் ஒருவரே பெண் அமைச்சர். மறுநாளே சிங்கப்பூரில் பயிற்சி முகாம் திறக்கப்பட்டது.

சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் பால்மரம் வெட்டிய குடும்பத்துத் தமிழ்ப் பெண்கள். இந்தியாவைக் கண்ணால் கண்டிராதவர்கள். நாட்டுப்பற்றால் வந்தவர் பலர். தோட்டத்துத் துன்பத்திலிருந்து தப்பித்தால் போதும் என்று வந்தவரும் உண்டு. அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? யுத்தத்துக்கு முன்னால் பல தோட்டங்களில் ஆணுக்கு நாட்கூலி 50 காசு, பெண்ணுக்கு 40 காசுதானே!

பெண்களைப் படையில் சேர்ப்பது எளிதாக இருக்கவில்லை. ஜப்பானியர் இடமும் ஆயுதமும் தரத் தயங்கினார்கள். ஊரார் வாயும் சும்மா இருக்குமா? ஆகவே தனி முகாம் அமைத்தார்கள். ஆண் வீரர்கள் பயிற்சி கொடுத்தாலும் படைக்குள் அதிகாரம் பெண்கள் கையில் இருந்தது. கால்சட்டை, நடைப்பயிற்சி, துப்பாக்கி, துப்பாக்கி முனை ஈட்டி என்று ஆண்களுக்குள்ள கடுமையான பயிற்சி இவர்களுக்கும் உண்டு. எழுத்தறியாதவர்கள் படித்தார்கள். சாதி, மதம் பாராமல் ஒரே பந்தியில் உண்டார்கள்.

பின்னர் பர்மா சென்றார்கள். போர்முனைச் சண்டைக்கு அவர்களை அனுப்பவில்லை. காயம்பட்ட வீரர்களுக்கு மருத்துவமனையில் பணிவிடை செய்தார்கள். 1945 ஏப்ரலில் ரங்கூனிலிருந்து பின்வாங்கியபோது, குண்டுவீச்சுக்கு அஞ்சிப் பகலில் பதுங்கி, இரவில் நடந்தார்கள்.

அப்புறம் என்ன ஆயிற்று? கோலாலம்பூரைச் சேர்ந்த ஜானகி ஆதி நாகப்பன் 1946-இல் மலாயா இந்தியர் காங்கிரஸின் தொடக்கக் காலத் தலைவர்களில் ஒருவரானார். இராசம்மா பூபாலன் ஆசிரியைகளுக்குச் சம ஊதியம் கேட்டுப் போராடினார். ஆனால் தோட்டத்துப் பெண்கள் பலர் மீண்டும் வாளியையும் உளியையும் தூக்கினார்கள். அவர்கள் பெயரை யார் எழுதி வைத்தார்கள்?

மாணவர்களே, உங்கள் வீட்டிலும் ஒரு பூட்டி அப்படிப் போயிருக்கலாம். பெரியவர்களைக் கேளுங்கள், கேட்டதை நோட்டில் எழுதி வையுங்கள்.

பெற்றோர்களே, இன்று பரிசு வாங்கும் உங்கள் மகள் நாளைக்கு என்ன படிக்க ஆசைப்பட்டாலும், "நீ பொம்பளைப் புள்ள" என்று சொல்லித் தடுக்காதீர்கள். இடம் கொடுத்தால் அவள் என்ன செய்வாள் என்பதை நம் தோட்டத்துப் பெண்கள் அன்றைக்கே காட்டிவிட்டார்கள்.

வாழ்க அவர்தம் புகழ்!